ஒருசந்திக்காரி

ஒன்பது செவ்வாய்க்கிழமை என்னால் முடியாது ஆன்ட்டி. ஒரு செவ்வாய்க்கிழமைகூட முடியாது. சலேத்மேரி அக்கா உங்களிடம் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கிராப்பட்டியிலேயே ஜெசிந்தா மாதிரி ஒருசந்தி இருக்க ஆள் கிடையாது, அவள் வயிற்றைக் காயப்போட்டுக் கேட்டால் அந்தோணியார் மறுக்கவே மாட்டார், அப்படித்தானே? உங்கள் மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று நானும்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் நீங்கள் தேடி வந்த ஆள் நான் இல்லை. உட்காருங்கள், சொல்கிறேன். சோபாவில் உட்காருங்கள். இந்த நாற்காலி என்னுடையது. இங்கிருந்து பாத்ரூம் கதவுக்கு ஏழே அடி. சிரிக்காதீர்கள், எண்ணி வைத்திருக்கிறேன்.

எனக்கு இருப்பது பக்தி இல்லை ஆன்ட்டி, குடல்.

நான்கு வருடமாக இருக்கிறது. என் பெண் செரினுக்கு அப்போது இரண்டு வயது. திடீரென்று வயிறு உப்பும், முறுக்கும், ஓடு என்று சொல்லும். ஓடிப்போய் உட்கார்ந்தால், சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, அப்புறம் மூன்று நாளைக்கு ஒன்றுமே இல்லை. ஒரு தடவை தஞ்சாவூர் பஸ்ஸில் போகும்போது செங்கிப்பட்டியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, கண்ணில் பட்ட கல்யாண மண்டபத்துக்குள் ஓடினேன். வெளியே வந்தால் பெண்வீட்டு அம்மா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே போயிட்ட, பந்தி ஆரம்பிச்சாச்சு என்று இழுத்துக்கொண்டு போய் இலைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார். மாப்பிள்ளை பெயர்கூடத் தெரியாது. வாழ்த்திவிட்டு, ஒரு வாய் தொடாமல் எழுந்து வந்தேன்.

புற்றுநோய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். போனில் தேடினேன், போனும் அதைத்தான் சொல்லியது. நான் போய்விட்டால் செரினுக்கு யார் தலை பின்னுவார்கள் என்று யோசித்து, கிளமென்ட்டுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாகப் பின்னினார். அது எனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அந்த லேடி டாக்டர் எல்லாத் தாளையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "புண்ணு இல்ல, கட்டி இல்ல. உங்க குடலுக்குக் கொஞ்சம் பதற்றம் ஜாஸ்தி. நீங்க பதறினா அது பதறும், அது பதறினா நீங்க பதறுவீங்க. ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுத்தாம்மா பார்க்கணும்."

ஒரு பெயரும் சொன்னார், எரிச்சல் குடல் என்று அர்த்தம் வரும். இதனால் யாரும் சாவதில்லை என்றார். ஒரு தாள் கொடுத்தார். முன்பக்கம், ஆறு வாரத்துக்கு எதெல்லாம் நிறுத்த வேண்டும் என்று இருந்தது. வெங்காயம், பூண்டு, பால், கோதுமை, பயறு, மாம்பழம். பின்பக்கம், அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எப்படித் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்று இருந்தது. கீழே ஒரு மனநல ஆலோசகரின் நம்பர்.

நான் கான்வென்ட் ஹாஸ்டலில் பத்து வருடம் படித்தவள் ஆன்ட்டி. செய்யாதே என்று எங்கேயாவது எழுதியிருந்தால் ஒரே பார்வையில் மனப்பாடம் ஆகிவிடும். இனிமேல் செய்யலாம் என்று எழுதியிருந்தால் அது வேறு யாருக்கோ என்று தோன்றும். அந்தத் தாளின் முன்பக்கத்தை நான்கு வருடம் கடைப்பிடித்தேன். பின்பக்கத்தில் செரின் யானை வரைந்தாள்.

ஹாஸ்டலில் படுக்கும் முன்னால் எங்களுக்கு ஆன்ம சோதனை உண்டு. முழங்காலில் நின்று, காலையிலிருந்து செய்த தப்பு என்ன என்று ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. தப்புக்குப் பதிலாகச் சாப்பாடு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு எது தின்றேன், எது என்னைப் பழிவாங்கியது? மோர் அற்பப் பாவம். சப்பாத்தி கொஞ்சம் பெரிது. பரோட்டா சாவான பாவம், நினைத்தாலே பாதி பாவம். சந்தேகம் வந்த எதையும் மன்னிக்கவில்லை. ஒரு நாள் வயிறு முறுக்கியதற்குக் கத்தரிக்காய்தான் காரணம் என்று தீர்மானித்து அதை ஒதுக்கினேன். அன்றைக்கு மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார் என்பது தற்செயல்.

இப்படி ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் கஞ்சி, கேரட், பூண்டு போடாத ரசம், வாழைப்பழம் என்று நான்கு நல்லவர்கள் மிஞ்சினார்கள். நாற்பத்தோரு கிலோவுக்கு வந்தேன். மோதிரத்தில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன்.

ஆலோசகரிடமும் ஒரு தடவை போனேன், போகாமல் இருந்தோம் என்று இருக்கக் கூடாது பாருங்கள். அந்த அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். நானும் ஏதோ ஞாபகத்தில், நாலாம் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். பாடம் நடக்கும்போது கையைத் தூக்கி அனுமதி கேட்டேன், சிஸ்டர் பெல் அடிக்கட்டும் என்றார். பெல் அடிக்கவில்லை. அவ்வளவுதான். அந்தப் பெஞ்சைக் கழுவி வெயிலில் வைத்தார்கள், வருடம் முடிகிறவரை அதற்கு என் பெயர். அந்த அம்மா அதைக் குறித்துக்கொண்டார். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கு இருப்பது வயிற்றில், அவர் தேடுவது பெஞ்சில்.

சரி, ஒருசந்திக்கு வருகிறேன்.

போன வருடம் தவக்காலம். எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் சலேத்மேரி அக்கா வீட்டில். பதினாலு பேர், அதில் ஐந்து ஆண்கள். செபமாலை முடிந்ததும் அக்கா தட்டோடு வந்தார்கள், வெங்காய பஜ்ஜி, கொண்டைக்கடலைச் சுண்டல், பால் டீ. என் பட்டியலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே தட்டில் கூடி உட்கார்ந்திருந்தார்கள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எங்கள் ஆட்கள் வேண்டாம் என்றால் விடுவார்களா? ஒண்ணு எடுத்துக்க, பாதி எடுத்துக்க, டீயாவது குடி என்று எல்லோரும் வற்புறுத்துகிறார்கள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது, எனக்கு இதைத் தின்றால் வயிற்றால் போகும் என்று எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது சலேத்மேரி அக்கா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மெதுவாக, கோயிலில் பேசுகிற குரலில் கேட்டார்கள். "ஒருசந்தியாம்மா?"

நான் பொய் சொல்லவில்லை ஆன்ட்டி. நிமிரவில்லை, அவ்வளவுதான்.

ஒருவர் எனக்கு ஃபேனைத் திருப்பி வைத்தார். ஒரு நேரச் சாப்பாட்டோடு இருக்கிற பிள்ளையை நாம வற்புறுத்திட்டோமே என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வயிறு கெட்டதிலிருந்து முதல் தடவையாக என் முன்னால் யாரும் ஒரு தட்டையும் நீட்டவில்லை. வீட்டுக்கு வருகிறவரை வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் சாப்பிட்ட கேரட்தான் காரணம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் இரண்டு கேரட் சேர்த்துப் போட்டேன்.

அதற்கப்புறம் தவக்காலம் முடிந்தது, என் ஒருசந்தி முடியவில்லை. ஈஸ்டர் விருந்திலும் ஒருசந்தி, பங்குத் திருவிழாவிலும் ஒருசந்தி. கிளாடிஸ் அக்காவின் தொலைந்துபோன செயினுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். சரி என்றேன். மூன்றாம் நாள் அது வாஷிங் மெஷினுக்குள் கிடைத்தது. அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். மகனுக்கு விசா, மருமகளுக்குக் குழந்தை, மாமனாருக்கு முழங்கால். எல்லோருடைய கருத்துக்கும், அதாவது வேண்டுதலுக்கும், நான் ஒருசந்தி. எப்படியும் சாப்பிடப்போவதில்லை, யாருக்காவது பிரயோஜனமாக இருக்கட்டுமே என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. நாலாம் வகுப்புப் பெஞ்சுக்குப் பெயர் கொடுத்தவள் பாருங்கள், இங்கே வேறு பெயர் கிடைத்தது.

கிளமென்ட்டுக்கு மட்டும் உண்மை தெரியும். வாங்க புனிதவதி, இன்னைக்கு யாருக்குக் கஞ்சி என்று கேட்பார். ஒரு வாய் சாப்பிடு ஜெசி என்று கெஞ்சவும் செய்வார். நான் சண்டை போடுவேன், என் வயிறு உங்களுக்கு இருந்தால் தெரியும் என்பேன். அப்புறம் அவர் கெஞ்சுவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்து வரும்போது பரோட்டாக் கடையில் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு, திருடன் மாதிரி வீட்டுக்குள் வருவார். எனக்குக் கோபமாக வரும், அவருக்கு எப்படி ஒன்றும் ஆவதில்லை என்று.

இதையெல்லாம் செரின் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒன்றை மட்டும் நான் பார்க்கவில்லை.

இந்த ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, பதினொன்றரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். ஒண்ணாம் வகுப்பு கற்பகம் மிஸ். பயப்பட ஒண்ணும் இல்லை, கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள் என்றார். பயப்பட ஒண்ணும் இல்லை என்று சொன்ன பிறகு யார் பயப்படாமல் இருப்பார்கள்? ஆட்டோ வருவதற்குள் இரண்டு தடவை உள்ளே போய் வந்தேன்.

ஸ்டாஃப் ரூம் வாசல் பெஞ்சில் செரின் உட்கார்ந்திருந்தாள். ஒரு சாக்ஸ் கீழே இறங்கியிருந்தது. மடியில் டிபன் டப்பா. டிரில் பீரியடில் தலை சுற்றுகிறது என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். மிஸ் விசாரித்தால், ஒன்பது நாளாகச் சாப்பாட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். காலி டப்பாவைக் கொண்டுவந்து காட்டுவாள், நானும் சமர்த்து என்று கொஞ்சுவேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எடை பார்த்தபோது ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு ஒன்றரைக் கிலோ ஆன்ட்டி. காலையில் இட்லியும் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வளர்கிற பிள்ளை, ஒல்லியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வயிறு ஒன்றுதான்.

கற்பகம் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன் சாப்பிடலன்னு கேட்டா ஒருசந்தி மிஸ், ஒருசந்தி மிஸ்னு சொல்றா. அது என்னங்க, ஏதாவது பலகாரமா?"

நான் அவள் முன்னால் உட்கார்ந்து கேட்டேன். எதுக்குடா ஒருசந்தி என்று. கருத்துக்கு என்றாள். என்ன கருத்து என்றால் சொல்லக் கூடாது என்றாள். நானே ஊகித்தேன். சைக்கிளா? இல்லை. தம்பிப் பாப்பாவா? இல்லை. ராங்க்கா? இல்லை. எனக்குத் தெரிந்த கருத்தெல்லாம் தீர்ந்துவிட்டது. அப்புறம் அவளே சொன்னாள், சாக்ஸை மேலே இழுத்துக்கொண்டே.

"நீ சாப்பிடணும்னு."

அது எதுக்குடா என்றேன்.

"நீ எல்லாருக்கும் ஒருசந்தி இருக்க. உனக்காக யாருமே இருக்கல."

சாப்பிடு கண்ணு, அம்மா சாப்பிடுகிறேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன் என்றேன். அவள் டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கேட்டது கிடைத்த பிறகுதான் முடிக்க வேண்டும் என்று சலேத் ஆன்ட்டி சொல்லியிருக்கிறார்களாம். உள்ளே என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கேரட் சாதம். வெங்காயம் இல்லாமல், பூண்டு இல்லாமல். என் வயிற்றுக் கதையைச் சொன்னதும் மிஸ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பாப்பாவுக்கும் அதே வயிறா என்று கேட்டார். இல்லை, வந்துவிடக் கூடாதே என்று ஒரு முன்னெச்சரிக்கை என்றேன். சொல்லும்போதே என் காதில் விழுந்தது.

மிஸ் உள்ளே போய்த் தன் டப்பாவைக் கொண்டுவந்தார். பூரி கிழங்கு. கோதுமை, எண்ணெய், கிழங்கு, அதற்குள் கண்ணாடி மாதிரி வதங்கின வெங்காயம். என் சாவான பாவம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. நான் மிஸ்ஸிடம் முதலில் டாய்லெட் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். இருபத்திரண்டு எட்டு, நடுவில் ஒரு படி. அப்புறம்தான் பூரியைப் பிய்த்தேன்.

செரின் என் வாயைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தாள். ஏமாற்றத் தெரிந்தவள் இவள் என்று அவளுக்குத் தெரியும். முதல் வாய் இறங்கியது. இன்னொன்று என்றாள். அதுவும் இறங்கியது. இரண்டு பூரி முடிந்த பிறகு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து, கேரட் சாதத்தை ஒதுக்கிவிட்டு, மிஸ்ஸிடம் மூன்றாவது பூரியைக் கேட்டு வாங்கித் தின்றாள்.

வயிறு என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? வலித்தது. பொய் சொல்வானேன், சாயங்காலம் நன்றாக வலித்தது. இரண்டு தடவை போனேன். ஆனால் ஆன்ட்டி, அதற்கு முந்தின நாள் வெறும் கஞ்சிதான் குடித்திருந்தேன், அதற்கும் இரண்டு தடவைதான். இந்தக் கணக்கை நான் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. கிளமென்ட்டிடம் நான்கு தடவை என்று சொன்னேன்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்குக் குடலில் பிரச்சினை, பயம், அதனால் சாப்பிடவில்லை, நான் ஒரு நாளும் ஒருசந்தி இருந்ததில்லை என்று, ஐந்து ஆண்களுக்கும் கேட்கிற மாதிரி. உங்களுக்குச் சிரிப்பு வரும். சலேத்மேரி அக்கா அழுதுவிட்டார்கள். பாருங்க, இத்தனை நோவையும் வச்சுக்கிட்டு நமக்காக ஒப்புக்கொடுத்திருக்கா, அதையும் மறைக்கிறா பாருங்க, என்ன தாழ்ச்சி என்று. அன்றையிலிருந்து கூட்டம் இன்னும் அதிகமாகிவிட்டது. நீங்கள் இந்த மாதத்தில் நாலாவது ஆள்.

இப்போது அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறேன், யானைக்கு நடுவே படித்துப் படித்து. வாரத்துக்கு ஒன்று திரும்ப வருகிறது. பூண்டு வந்துவிட்டது. பால் இன்னும் வரவில்லை, அது நிஜமாகவே எனக்கு ஆகாது போலிருக்கிறது, டாக்டரே சொன்னார். கத்தரிக்காய் நிரபராதி. வியாழக்கிழமை ஆலோசகரிடம் போகிறேன், அந்த அம்மா இன்னும் பெஞ்சை விடவில்லை. அதைப் பேசிவிட்டு வருகிற நாளில் வயிறு கம்மென்று இருக்கிறது. போகிற வழியில் ஆட்டோ குலுக்குகிறது, அதில் ஏதோ சரியாகிறது என்று நினைக்கிறேன்.

செரின் என்னை நம்புவதில்லை. காலையில் இரண்டு டப்பா கட்ட வேண்டும், அவளுக்கும் எனக்கும், ஒரே சாப்பாடு. மூன்றரைக்கு வேன் வந்ததும் இரண்டையும் இந்த மேசையில் வைத்துத் திறப்போம். என்னுடையது காலியாக இருந்தால் மறுநாள் அவளும் சாப்பிடுவாள். மீதி இருந்தால் அவளும் அவ்வளவு மீதி வைப்பாள். இதுவரை இரண்டு கிலோ ஏறியிருக்கிறாள். நான் ஒன்றரை. ஒன்பது செவ்வாய்க்கிழமை நான் ஒரு வேளை சாப்பிட்டால் அவள் என்ன செய்வாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மணி மூன்று பத்து. அதோ, பச்சை மூடி போட்டது என்னுடையது. சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். பாதிதான் ஆகியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், நீங்கள் கதவைத் தட்டியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விருந்தாளி வந்தால் மூடி வைக்கலாமே.

வேண்டாம் ஆன்ட்டி, நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் சலேத்மேரி அக்காவுக்குப் பாதியைக் கொடுத்துப் பார்த்தேன். செரின் என் வாயை முகர்ந்து பார்த்தாள். மறுநாள் அவள் டப்பா போனபடியே திரும்பி வந்தது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்னும் இருபது நிமிடம் எழுந்து போகாதீர்கள். எதிரில் யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்குகிறது. உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள். என்ன படித்திருக்கிறாள், எப்படிப்பட்ட பையன் வேண்டும் என்கிறாள்? சொல்லுங்கள், நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறேன்.